மூத்த சம்சாரம், இளைய சம்சாரம்

கோவை வட்டாரத்தில் குடும்ப வரலாறு எழுதக் கிளம்புகிறவர்கள் முதலில் கூட்டத்தை, அதாவது குலப் பிரிவை, பிடிக்கிறார்கள். பொருளந்தையா, தூரனா, பனங்காடையா என்று தெரிந்துவிட்டால் குலதெய்வக் கோயிலும் காணியூரும் பின்னாலேயே வந்து சேரும். மூன்று தலைமுறை மளமளவென்று ஏறும். நாலாவதில் வந்து வண்டி நிற்கும். ஒரே அப்பாருக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளில் மூவருக்கு அப்புச்சி (தாய்வழித் தாத்தா) வீடு காங்கயம் பக்கம், இருவருக்குத் தாராபுரம் பக்கம். மூத்த மகனுக்கும் கடைசி மகனுக்கும் இருபத்தெட்டு வயது இடைவெளி. நிலப் பத்திரத்தில் ஒரு பாட்டியின் பெயர் இருக்கும்; வீட்டில் சேலை வைத்துக் கும்பிடுவது வேறொரு பாட்டிக்கு.

இப்படி ஒரு முடிச்சு கண்ணில் பட்டதும் இன்றைய மனம் நேராகக் குற்றவியல் சட்டத்துக்குத் தாவிவிடுகிறது. சிலர் பாட்டனைக் குற்றவாளி ஆக்கிவிடுவார்கள். வேறு சிலர் இரண்டாவது பாட்டியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள். இரண்டும் அவசர வேலை. கல்யாணம் எந்த வருஷம் நடந்தது, தம்பதி எந்தச் சமயம், எந்தச் சாதி, எந்த அரசின் எல்லைக்குள் குடியிருந்தார்கள் என்பவை தெரியாமல் அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது.

கேட்கும் விதம்

பெரியவர்களிடம் "உங்க அப்பாருக்கு ரெண்டு பொண்டாட்டியா?" என்று கேட்டால் பேச்சு அங்கேயே முறிந்துபோகும். "அப்பாருக்கு எந்தெந்த ஊட்டுலீங்க பொண்ணெடுத்தாங்க?" என்று கேட்டால் தானாக விரியும். கொங்குக் கவுண்டர் குடும்பங்களில் சொந்தக் கூட்டத்துக்குள் பெண் எடுப்பதில்லை. ஆகவே மாமன் சீர் யார் கொண்டுவந்தார்கள், அப்புச்சி எந்தக் கூட்டம் என்ற இரண்டு கேள்விகள் போதும். தாய்மார்கள் இருவரா ஒருவரா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அக்கா இறந்த பின் தங்கையைக் கட்டி வைத்த வீடுகளில்தான் இந்தச் சோதனை பலிக்காது. அங்கே அப்புச்சி வீடு ஒன்றே. பிள்ளைகளில் மூத்தவர்கள் இளையவர்களின் தாயைச் சின்னம்மா என்றோ சின்னாத்தா என்றோ கூப்பிட்டதாகச் சொன்னால் அதுவே தடயம்.

இரண்டாம் கல்யாணம் என்றாலே முதல் மனைவி உயிரோடு இருந்தாள் என்று கொள்ளக்கூடாது. தாது வருஷத்துப் பஞ்சம் 1876-லிருந்து 1878 வரை இந்தப் பக்கத்தை உலுக்கியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையில் பிளேக் திரும்பத் திரும்ப வந்தது. நகரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. 1918-ல் விஷக்காய்ச்சல். பிரசவச் சாவுகளுக்குக் கணக்கே வேண்டாம். கைக்குழந்தையோடு நின்ற ஆண் ஆறு மாதத்துக்குள் மறுமணம் செய்துகொண்டதை யாரும் வியப்பாகப் பார்க்கவில்லை. ஆகவே முதலில் தேட வேண்டியது இரண்டாம் கல்யாணத்தின் தேதியை அல்ல, முதல் மனைவியின் இறப்பை. ஊர் இறப்புப் பதிவேட்டின் பழைய பிரதிகள் சார்பதிவாளர் அலுவலகத்திலோ தாலுகா அலுவலகத்திலோ கிடைக்கலாம். நகரம் என்றால் நகராட்சி அல்லது மாநகராட்சி.

முதல் மனைவி உயிரோடு இருந்தபோதே நடந்த கல்யாணங்களுக்குப் பிள்ளையில்லாமை பெரிய காரணம். பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவலில் நாயகன் காளியைச் சுற்றி நடக்கும் இரண்டாம் கல்யாணப் பேச்சு திருச்செங்கோட்டில் மட்டும் நடப்பதல்ல. அந்தப் பேச்சு அடிபடாத ஊர் கொங்கில் அரிது. "மூத்தவளே போயிப் பொண்ணுக் கேட்டா" என்று பெருமையாகவே சொல்வார்கள். மூத்தவள் மனதார ஒப்பினாளா, வேறு வழியில்லாமல் ஒப்பினாளா என்பதை ஆவணம் சொல்லாது. ஒப்பினாள் என்று எழுதுவதைவிட ஒப்பியதாக வீட்டில் சொல்கிறார்கள் என்று எழுதுவது நேர்மை.

1949 என்ற கோடு

ஆங்கிலேயர் காலத்தில் இந்து ஆண் எத்தனை பெண்களை மணந்தாலும் சட்டம் கேட்கவில்லை. இந்திய தண்டனைச் சட்டம் 1862-ல் அமலுக்கு வந்தது. அதன் 494-ஆம் பிரிவு இருதார மணத்துக்கு ஏழு ஆண்டு வரை சிறை வைத்தது. ஆனால் முதல் மணத்தின் காரணமாக இரண்டாவது மணம் செல்லாமல் போனால்தான் அந்தப் பிரிவு கடிக்கும். இந்து ஆணின் இரண்டாம் மணம் அப்போது செல்லும், ஆகவே குற்றமில்லை. இந்துப் பெண்ணுக்கு நிலைமை நேர் எதிர். கணவன் உயிரோடிருக்க, சாதி வழக்கப்படி தீர்த்துக்கொள்ளாமல் அவள் இன்னொருவனைக் கட்டினால் அதே 494 அவள்மேல் பாய்ந்தது. ஆணும் பெண்ணும் ஒரே சட்டத்தின் கீழ் இருந்தார்கள் என்று நம்பி அந்தக் காலத்து ஆவணங்களைப் படித்தால் எல்லாமே தலைகீழாகத் தெரியும்.

இதை மாற்றியது 1949-ஆம் ஆண்டு சென்னை இந்து இருதார மணத் தடை மற்றும் விவாகரத்துச் சட்டம். 1955-ல் இந்தியா முழுமைக்கும் இந்து திருமணச் சட்டம் வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, சென்னை மாகாணத்தில் மனைவி உயிரோடிருக்கும் இந்துவின் அடுத்த கல்யாணம் செல்லாததாகிவிட்டது. மத உரிமைக்கு எதிரானது என்று வழக்குப் போனபோது சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. கோவை, ஈரோடு, பொள்ளாச்சி, அன்று கோவை ஜில்லாவில் இருந்த கொள்ளேகால் எல்லாம் இந்த எல்லைக்குள். பொள்ளாச்சியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சித்தூர் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அங்கே குடியிருந்தவரை இந்தச் சட்டம் தொடவில்லை. எல்லையோரக் குடும்பங்களில் ஒரே பாட்டனின் பங்காளிகள் இருவருக்கு இரண்டு சட்டம் இருந்திருக்கலாம்.

ஆக, 1947-ல் கட்டிய இரண்டாம் மனைவி சட்டப்படி மனைவியே. 1952-ல் கட்டியிருந்தால் இல்லை. ஊர், கல்யாண மண்டபம், மங்கள வாழ்த்து எல்லாம் ஒன்றாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் இருவேறு பெண்கள். கல்யாணத் தேதி தெரியாதபோது முதல் பிள்ளையின் பிறந்த வருஷத்திலிருந்து பின்னோக்கி எண்ணலாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் உத்தேசமாகப் போட்ட பிறந்த தேதியை நம்பி எண்ணினால் கோட்டின் தவறான பக்கத்தில் போய் நிற்க நேரும்.

அறுத்துக் கட்டியவர்கள்

விதவை மறுமணத்தை அனுமதித்த 1856-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சீர்திருத்தத்தின் வெற்றியாகவே பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அதன் இரண்டாம் பிரிவைக் குடும்ப வரலாற்றுக்காரர் மறக்கக்கூடாது. மறுமணம் செய்தால், இறந்த கணவனின் சொத்தில் அவளுக்கிருந்த உரிமை போய்விடும். அவள் செத்துப்போனதாகவே வைத்து அடுத்த வாரிசுக்கு நிலம் போகும். அறுத்துக் கட்டும் வழக்கம் தலைமுறைகளாக இருந்த சாதிகளுக்கும் இது பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. 1870-களில் ஒரு மறவர் குடும்ப வழக்கில், வழக்கம் இருந்தாலும் சொத்து போகும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். பிறகு அலகாபாத் நீதிமன்றம் நேர்மாறாகச் சொன்னது. கொங்கு நாடு சென்னையின் கீழ் இருந்தது. இந்தச் சட்டம் நீக்கப்பட்டது 1983-ல்தான். ஆனால் 1956-ன் வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அதன் பல் பெரும்பாலும் விழுந்துவிட்டது.

இதனால் ஆவணங்களில் ஒரு விசித்திரம் காணக் கிடைக்கும். பட்டாவில் ஒரு பெண் முதல் கணவனின் விதவையாகவே சாகும்வரை இருப்பாள். ஊரார் வாயில் அவள் வேறொருவருக்குப் பிள்ளை பெற்றவள். நாலு ஏக்கர் தோட்டமும் கிணற்றுப் பங்கும் கையைவிட்டுப் போகும் என்றால் மறுமணத்தை யார் எழுதிவைப்பார்கள்? மறுபுறம், நிலத்துக்குக் காத்திருந்த கொழுந்தன் வகையறா "இவள் மறுமணம் செய்துகொண்டாள்" என்று வழக்குப் போடுவார்கள். பிராது சொல்கிறது என்பதால் மறுமணம் நடந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. பட்டா சொல்லவில்லை என்பதால் நடக்கவில்லை என்றும் முடிவு கட்ட முடியாது. இரண்டு பேருக்கும் நிலத்தில் கண்.

சாதி வழக்கப்படி தீர்த்துக்கொண்ட கல்யாணங்கள் தனி வகை. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தாலியையும் நகைநட்டையும் திருப்பிக் கொடுத்து "அத்து விட்ட"தற்குச் சில சமயம் முத்திரைத்தாளில் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொள்வார்கள். 1955-ஆம் ஆண்டுச் சட்டமும் வழக்கப்படியான விவாகரத்தை அழிக்கவில்லை. 29-ஆம் பிரிவு அதைக் காப்பாற்றுகிறது. அப்படி ஒரு காகிதம் வீட்டுப் பெட்டியில் இருந்தால் அது குடும்ப வரலாற்றில் தங்கம். பெண் இரண்டாவதாகக் கட்டியது குற்றமா, முறையான மறுமணமா என்பதை அந்த ஒற்றைத்தாள் முடிவு செய்யும்.

பத்திரத்தில் ஒரு வரி

கல்யாணப் பதிவேட்டைத் தேடிக் காலத்தை வீணடிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டம் 2009-ல்தான் வந்தது. பாட்டன் காலத்து இந்துக் கல்யாணத்துக்குப் பதிவேடு அநேகமாக இருக்காது. அந்தப் பெண்கள் கிடைப்பது நிலப் பத்திரங்களில்.

பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கையில் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அதன் முதல் பத்தி இந்த மாதிரி போகும்: "பல்லடம் தாலூகா மேற்படி கிராமத்திலிருக்கும் காலஞ்சென்ற இன்னார் கவுண்டர் மூத்த சம்சாரத்தின் குமாரர் 1-வது நபர், மேற்படியார் இளைய சம்சாரமும் மைனர் 3-வது நபருக்குத் தாயும் கார்டியனுமாகிய 2-வது நபர்." இந்த ஒரு வாக்கியத்தில் எவ்வளவு செய்தி! எழுதிய நாளில் கணவன் இறந்துவிட்டான். இளையவள் உயிரோடிருக்கிறாள். அவள் மகனுக்குப் பதினெட்டு ஆகவில்லை. மூத்தவள் தானே கையெழுத்துப் போடவில்லை. இறந்திருக்கலாம், அல்லது ஜீவனாம்சத்துக்கு வேறு பத்திரம் இருக்கலாம். அடுத்து ஷெட்யூலைப் பார்க்க வேண்டும். மூத்தவளின் மகனுக்கும் இளையவளின் மகனுக்கும் சமபங்கு என்றால் இந்துச் சட்டத்தின் பொது விதி. மகன்கள் எண்ணிக்கையைப் பார்க்காமல் மூத்தகுடிக்குப் பாதி, இளையகுடிக்குப் பாதி என்று தாய்வாரியாகப் பிரிந்திருந்தால் அது சில சாதிகளில் இருந்த வழக்கம். சமஸ்கிருதச் சட்ட நூல்களில் பத்னி பாகம் என்பார்கள்.

இன்றைய பத்திரப் பதிவு முறை 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கியது. சார்பதிவாளர் அலுவலகத்தில் நிலம் சார்ந்தவை 1-ஆம் புத்தகம். உயில்கள் 3-ஆம் புத்தகம். விடுதலை, ஒப்பந்தம் போன்ற மற்றவை 4-ஆம் புத்தகம். முதல் புத்தகத்தின் நகலை யாரும் கட்டணம் கட்டி வாங்கலாம். உயில் எழுதியவர் இறந்துவிட்டால் மூன்றாவதின் நகலையும் யாரும் கேட்டு வாங்கலாம். நான்காவது அப்படியல்ல. எழுதிக்கொடுத்தவர், அவர்வழி உரிமை கோருபவர் என்று பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு வரம்பு கட்டுகிறது. ஆகவே வாரிசு உறவைக் காட்டும் காகிதத்தைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அலுவலகம் எது என்பதும் சின்னக் குழப்பம்தான். கரூர் 1910 வரை கோவை ஜில்லா, ஈரோடு 1979-ல் பிரிந்தது, திருப்பூர் 2009-ல். பழைய பத்திரத்தில் கோயமுத்தூர் ஜில்லா என்று இருப்பதைப் பார்த்துக் கோவைக்குப் பேருந்து ஏறுமுன், அந்தக் கிராமம் இன்று எந்தச் சார்பதிவகத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய வாக்காளர் பட்டியலும் உதவும். ஒரே கதவு எண்ணில் இரண்டு பெண்கள், இருவருக்கும் கணவர் பெயர் ஒன்றே என்று அச்சாகியிருந்தால் அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

நீதிமன்ற ஆவணங்களில் மட்டும் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். இதில் ஏமாறாத ஆய்வாளர் குறைவு. 1956-க்கு முன் நீதிமன்றங்கள் சூத்திரர் என்று வகைப்படுத்திய சாதிகளில், நிரந்தரமாக ஒருவரோடேயே வாழ்ந்த வைப்பின் மகனுக்கும் தகப்பன் சொத்தில் பங்கு உண்டு. மனைவியின் மகனாக இருந்தால் கிடைத்திருக்கக்கூடியதில் பாதி. ஆகவே சொத்து வழக்குகளில் மூத்தாள் மக்கள் "அவள் வைப்பு" என்பார்கள். இளையாள் மக்கள் "தாலி கட்டிய மனைவி" என்பார்கள். தோற்றால் பாதியாவது கிடைக்கட்டும் என்று மாற்றுக் கோரிக்கையாக வைப்பின் மகன் என்றும் சேர்த்தே எழுதுவார்கள் அவர்களுடைய வக்கீல்கள். பிராதில் இருக்கும் 'வைப்பு' வக்கீலின் கணக்கு. தீர்ப்பில் நீதிபதி சாட்சிகளை எடைபோட்டு எழுதியதற்குத்தான் மதிப்பு. பிராதை மட்டும் படித்துவிட்டுப் பாட்டிக்குப் பட்டம் கட்டிய குடும்ப மலர்கள் கொங்கில் உண்டு. அச்சான பிறகு அழிக்க முடியாது.

ஈரோட்டிலிருந்து வந்த கல்யாணங்கள்

கொங்கு நாட்டின் மறுமண வரலாற்றில் ஈரோட்டுக்குத் தனி இடம். பெரியார் 1909-ல், குழந்தைப் பருவத்திலேயே விதவையான தம் தங்கை மகளுக்கு உறவினர் எதிர்ப்பை மீறி மறுமணம் செய்துவைத்தார். சுயமரியாதை இயக்கமெல்லாம் அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. 1925 மே மாதம் ஈரோட்டிலிருந்து வெளிவரத் தொடங்கிய குடிஅரசு இதழில் சுயமரியாதைத் திருமணச் செய்திகள் தொடர்ந்து வந்தன: மணமக்கள் பெயர், ஊர், யார் தலைமை, விதவை மறுமணமா, கலப்பு மணமா என்றெல்லாம். கல்யாணத்தைக் கோயில் கணக்கிலும் புரோகிதர் நினைவிலும் தேடிக் களைத்தவர்கள் குடிஅரசின் பழைய தொகுதிகளைப் புரட்ட வேண்டும்.

ஆனால் அந்தக் கல்யாணங்கள் சட்டப்படி செல்லுமா? 1934-ல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-ல் தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல குடும்பங்களின் தலையில் இடி. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் நிறைவேறிய திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. உற்றார் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினாலும் தாலி கட்டினாலும் போதும் என்றதோடு, முன்பு நடந்தவற்றையும் அது செல்லுபடியாக்கியது. இடைப்பட்ட காலத்தில் முறையாகப் பிரிந்தவர்களுக்கும், வேறு முறையான மணம் செய்துகொண்ட பெண்களுக்கும் மட்டும் விலக்கு.

பெரியாரின் சொந்த மறுமணமும் ஆய்வாளருக்குப் பாடம். நாகம்மையார் 1933-ல் இறந்தார். 1949 ஜூலை 9-ல் மணியம்மையாரை அவர் மணந்தது பதிவுத் திருமணமாக, 1872-ஆம் ஆண்டுத் தனித் திருமணச் சட்டத்தின் கீழ். வாரிசு ஏற்பாடு என்று விளக்கமும் தந்தார். அதே சென்னை மாகாணம் இருதாரத் தடை கொண்டுவந்த வருஷம் அது; மனைவியை இழந்தவர் என்பதால் அந்தச் சட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அரசியல் விளைவு, அதாவது செப்டம்பரில் தி.மு.க. பிறந்தது, எல்லாருக்கும் தெரியும். பதிவு செய்தால் சந்தேகத்துக்கு இடமில்லை என்பதை ஈரோட்டுக்காரர் சரியாகக் கணித்திருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

7ஏ பிரிவு இருதார வழக்குகளிலும் தலைகாட்டியது. 1970-ல் ஒரு கல்யாணம், 1984-ல் திருத்தணியில் இன்னொரு கல்யாணம் என்று நடந்த வழக்கில், சப்தபதியில் ஏழடி வைத்ததற்குச் சாட்சி இல்லை, ஆகவே இரண்டாவது கல்யாணமே ஆகவில்லை என்று கணவர் தரப்பு தப்பப் பார்த்தது. தமிழ்நாட்டில் தாலியும் மாலையும் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் அந்த வாசலை அடைத்தது.

பங்கும் பிள்ளைகளும்

1956 ஜூன் 17-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் தனிச்சொத்தில் மனைவிகள் எத்தனை பேரானாலும் சேர்ந்து ஒரே பங்கு. 1940-களில் இரு மனைவியரைக் கட்டியவர் 1960-ல் எட்டு ஏக்கர் விட்டுப் போகிறார், பிள்ளைகள் மூவர், தாயார் இல்லை. நாலு பங்கு, பங்குக்கு இரண்டு ஏக்கர். இரு மனைவியருக்கும் ஆளுக்கு ஓர் ஏக்கர். பத்திரத்தில் இந்தக் கணக்கு வந்தால் இருவரும் சட்டப்படி மனைவியராகவே நடத்தப்பட்டார்கள் என்று பொருள்.

1949-க்குப் பிந்தைய இரண்டாம் மனைவிக்கு அந்த ஓர் ஏக்கரும் இல்லை. பிள்ளைகள் கதை வேறு. இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் திருத்திய 16-ஆம் பிரிவு அவர்களைச் சட்டபூர்வப் பிள்ளைகள் என்றது. தகப்பனுக்குப் பூர்விகச் சொத்தில் வரக்கூடிய பங்கிலும் அவர்களுக்கு இடமுண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் தெளிவாக்கியது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேலை எளிது. கருமத்தம்பட்டி போன்ற பழைய கத்தோலிக்கப் பங்குகளின் கல்யாணப் பதிவேட்டில் மறுமணம் செய்பவரை விதுவுஸ், விதுவா என்று லத்தீனில் குறித்திருப்பார்கள். முந்தைய துணை இறந்ததற்கு அதுவே சாட்சி. 1830-லிருந்து கோவையில் இயங்கிய லண்டன் மிஷனின் கடிதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன. மதம் மாறியதால் துணை விட்டுப்போன ஒருவர் 1866-ஆம் ஆண்டுச் சட்டப்படி பழைய மணத்தைக் கலைத்துக்கொண்டு மறுமணம் செய்திருக்கலாம். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாத்தின் நிக்காஹ் புத்தகம்; நான்கு வரை சட்டம் ஏற்றதால் அங்கே இருதாரத்தை மறைக்கும் தேவையே குறைவு.

கடல் கடந்தவர்கள் சிக்கல். மலாயாவுக்கோ இலங்கைக்கோ போன கணவனிடமிருந்து ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால், இங்கே மனைவி மறுமணம் செய்தாலும் 494 பாயவில்லை; அந்தப் பிரிவிலேயே விலக்கு இருந்தது. அவரோ அங்கே இன்னொரு குடும்பம் வைத்திருப்பார். சிங்கப்பூரில் 1961-லும் மலேசியாவில் 1982 மார்ச்சிலும்தான் இந்துக்களுக்கு ஒருதார மணம் கட்டாயமானது. ஆகவே 1950-களில் பினாங்கில் பதிவான பிள்ளையும் காங்கயத்தில் பிறந்த பிள்ளையும் ஒரே தகப்பன் பெயரோடு வந்தால் இரண்டு ஆட்கள் என்று அவசரமாகப் பிரிக்கக்கூடாது. ஊர், தகப்பன் பெயர், கூட்டம் மூன்றையும் ஒப்பிட வேண்டும்.

கிளை வரையும்போது ஒரு மனிதரிடமிருந்து இரண்டு கல்யாணக் கோடுகள் இழுத்து, ஒவ்வொன்றிலும் தெரிந்த வருஷத்தையும் ஆதாரத்தையும் குறிக்க வேண்டும்: "பாகப்பிரிவினை 1938", "வாய்மொழி", "குடிஅரசு" என்று. பிள்ளைகள் தகப்பன் பெயருக்குக் கீழல்ல, அந்தந்தக் கல்யாணக் கோட்டுக்குக் கீழ். குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக மலருக்குக் கொடுக்கும் பிரதியில், நிலத் தகராறு இன்னும் நடக்கும் கிளைகளைப் பற்றிய குறிப்புகளை நிறுத்திவைத்துவிட்டு, முழுப் பிரதியை இரண்டு குடிகளின் மூத்தவர்களிடமும் ஒன்றொன்று கொடுத்துத் திருத்தம் கேட்டு வாங்குவது நடைமுறையில் சரிப்பட்டு வருகிறது.